மே பதினேழாம் தேதி விழாத பாலம்

எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் காலை எலக்ட்ரிக் ட்ரெயினில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் நான் ஒரு பிரமுகன். ஆபீசில் நான் இருக்கிறேன் என்பது ஹாஜர் புத்தகத்துக்கு மட்டுமே தெரியும். வீட்டில் என் அம்மாவுக்கு பால்காரர் வருவதும் நான் வருவதும் ஒன்றுதான். பால்காரராவது கையில் பாலோடு வருவார். ஆனால் அந்தப் பெட்டியில், பல்லாவரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில், பதினைந்து இருபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

காரணம் ஒரு புத்தகம். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம். அந்தத் தேதியில் எந்தெந்த வருஷம் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று பொடி எழுத்தில் அச்சிட்ட தடித்த ஆங்கிலப் புத்தகம். அட்டை கிடையாது. அங்கங்கே கரையான் தின்றிருந்தது. கடைக்காரர் அதைக் குறையாகவே சொல்லவில்லை. "பழசுன்றதுக்கு அத்தாட்சி சார் அது" என்றார். நம்பி வாங்கினேன். நம்பி வாங்குவது என் பிறவிக் குணம்.

தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அன்றைய பக்கத்தைப் படித்துவிட்டு, ட்ரெயினில் ஏறி, யாரிடமாவது "இன்னிக்கு என்ன நாள் தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். முதலில் நல்ல சேதிகளாகத்தான் சொன்னேன். யாரோ எதையோ கண்டுபிடித்தார்கள், எங்கோ முதல் ரயில் ஓடியது, இப்படி. ஒருவரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒருநாள் தெரியாத்தனமாக ஒரு ராணியின் தலையை வெட்டிய கதையைச் சொன்னேன். நாலு பேப்பர் மடிந்தது. மறுநாள் ஒரு எரிமலை. எட்டு பேப்பர். அதற்கப்புறம் நான் நல்ல சேதி பக்கம் திரும்பவே இல்லை.

என் முக்கிய ரசிகர் ஒரு ஃபிட்டர் அண்ணன். பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் வந்து பல்லாவரத்தில் ஏறுவார், கிண்டி தொழிற்பேட்டைக்காக இறங்குவார். ஏறும்போதே வாசலில் நின்றபடி கேட்பார்.

"இன்னாபா, இன்னிக்கு எவன் பூட்டான்?"

உலகத்தில் இன்றைய தேதியில் யார் செத்தது என்பதுதான் அவருடைய குட்மார்னிங்.

இப்போது கரையான் தின்ற நாட்களுக்கு வருகிறேன். அந்த நாட்களில் "இன்னிக்கு பக்கம் இல்லண்ணா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு வாக்கியம் வெளியே வராது. அதனால் நானே செய்துவிடுவேன். ஒரு தீவை மூழ்கடித்திருக்கிறேன். ஒரு ராஜாவை மீன்முள் சிக்கிச் சாகடித்திருக்கிறேன். ஒரு வருஷம் மே பதினேழாம் தேதி, தென் அமெரிக்காவில் எங்கோ ஒரு பாலம் இடிந்து விழுந்ததாகச் சொன்னேன். ஃபிட்டர் அண்ணன் முகத்தில் போதிய திருப்தி இல்லை. உடனே பாலத்தின் மேல் ஒரு கல்யாணக் கோஷ்டியை ஏற்றினேன். மாப்பிள்ளை, பொண்ணு, பேண்டு வாத்தியம் எல்லோரும் ஆற்றோடு போனார்கள்.

"த்சொ த்சொ" என்றார் அண்ணன். "பேண்டுக்காரன் இன்னா பாவம் பண்ணான்?"

அன்று கிண்டி வரைக்கும் மடித்த பேப்பரை ஒருவரும் பிரிக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

எதிர் சீட்டில் எப்போதும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பார்க் ஸ்டேஷன் பக்கம் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் ரீடர். சட்டைப்பையில் சிவப்புப் பென்சில். ட்ரெயினில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் கூடத் தப்பைத் திருத்தாமல் அவரால் ஊர் போய்ச் சேர முடியாது. நான் பேச ஆரம்பித்தால் ஒரு நீள நோட்டை எடுத்து, தேதி போட்டு, நான் சொல்வதைச் சுருக்கமாக எழுதிக்கொள்வார். என் பேச்சை ஒருவர் எழுதிக்கொள்கிறார் என்றால் எனக்குத் தலை கால் புரியுமா? அவர் எழுதி முடிக்கும் வரை நிறுத்தி நிதானமாகச் சொல்வேன்.

ஒருநாள் சைதாப்பேட்டை தாண்டியதும் நோட்டை மூடிக்கொண்டு கேட்டார்.

"தம்பி எந்த சர்ச்?"

சொன்னேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆகவில்லை என்றேன். "நல்ல அறிவு, நல்ல ஞாபகசக்தி" என்றார் ஜன்னலைப் பார்த்து. மூன்று மாதத்தில் சேலையூரில் அவர் வீட்டில் எனக்கு நிச்சயதார்த்தம். அவர் பொண்ணு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். என் பொது அறிவுக்காக எனக்குப் பெண் கொடுத்த ஒரே குடும்பம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

கல்யாணத் தேதி குறிப்பதுதான் பாக்கி. எழுபத்துமூன்று ஏப்ரல். பொண்ணுக்கு ஒரே அண்ணன், ராணுவத்தில். வடக்கே எங்கோ எல்லையில் இருந்தார். மே பன்னிரண்டாம் தேதி வந்து இறங்குவார், இருபத்திரண்டாம் தேதி ரயில் ஏறியாக வேண்டும். அதை விட்டால் அடுத்த லீவு அடுத்த வருஷம். அண்ணன் இல்லாமல் கல்யாணம் இல்லை என்று பொண்ணு சொல்லிவிட்டாள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று பாஸ்டர் ஐயா படிப்பார். அப்படியானால் ஏப்ரல் இருபத்தெட்டு சனிக்கிழமைக்குள் தேதியோடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நான் இன்னும் ஒரு வருஷம் பால்காரருக்கு அடுத்த இடத்தில்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். எனக்கு மாமா ஆகிவிட்ட அந்தப் பெரியவர் நாள் கிழமை பார்க்கிறவர் அல்ல. வீட்டில் தினசரிக் காலண்டர் வாங்கினதும் முதல் வேலையாக ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். பக்கத்து வீட்டில் நல்ல நேரம் பார்த்துவிட்டு வெளியே கிளம்பினால், இவர் வேண்டுமென்றே ராகுகாலத்தில் குடையை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசல் வழியாக நடப்பார்.

நானும் என் அம்மாவும் தேதி பேசப் போனோம். மாமா உள்ளே போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ட்ரெயின் நோட்டு.

"நமக்கு நாள் பாக்குறதுல நம்பிக்கை கிடையாது" என்று ஆரம்பித்தார். "ஆனா கல்யாண நாள்ங்கறது வருஷா வருஷம் வரும். அன்னிக்கு நெனைச்சுப் பாக்க ஒரு நல்ல காரியமா இருக்கணுமில்ல? பதினாலு, திங்கள். என்ன போட்டிருக்கேன்? பிரான்ஸ் ராஜாவை சாரட்டு வண்டியில வெச்சுக் குத்திட்டான்."

"அன்னிக்குத்தான் மாமா அம்மைக்கு முதல் தடுப்பூசி போட்டாங்க. அதுவும் அதே பக்கத்துல இருக்கு."

"அதை நீங்க ட்ரெயின்ல சொல்லலையே மாப்பிள்ளை."

உண்மை. சொல்லவில்லை. தடுப்பூசிக்கு யார் பேப்பரை மடிப்பார்கள்?

பதினைந்தில் ஹாலந்துக்காரன் சரணடைந்திருந்தான். பதினாறைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. "மாமா, பதினாறு கல்யாண நாள்! பிரான்ஸ் இளவரசனுக்கும் ஆஸ்திரியா இளவரசிக்கும் அன்னிக்குத்தான் கல்யாணம். சாதாரணக் கல்யாணமா?"

மாமா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்புறம் அந்த ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?"

ரெண்டு பேருக்கும் தலை போனது. அதையும் நான்தான் இரண்டு நாள் வைத்துச் சொல்லியிருந்தேன். ஜனவரியில் ஒரு நாள் அவன் தலை, அக்டோபரில் ஒரு நாள் அவள் தலை.

பதினெட்டில் ஒரு பிரெஞ்சுத் தளபதி சக்கரவர்த்தி ஆகியிருந்தான். "வீட்ல ஒருத்தர் சக்கரவர்த்தி ஆனா மத்தவங்க கதி?" என்றார் மாமா. பத்தொன்பதில் ஒரு இங்கிலீஷ் ராணியின் தலையைக் கட்டின புருஷனே வெட்டச் சொன்னான். என் அம்மா "ஐயையோ" என்று பொண்ணு இருந்த அறைப் பக்கம் பார்த்தாள். இருபது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை. இருபத்தொன்றில் கெட்டது எதுவும் புத்தகத்திலேயே இல்லாததால், அன்று மட்டும் வேறு வழியில்லாமல் நல்ல சேதி சொல்லியிருந்தேன். ஒருவன் தனியாக விமானம் ஓட்டி அட்லாண்டிக்கைத் தாண்டி பாரீசில் இறங்கினான்.

"இது நல்ல நாள் மாமா!"

"தனியாப் போனான்ல? கல்யாணத்துக்கு அது பொருத்தமா இருக்கா, சொல்லுங்க."

மீதி இருந்தது பதினேழு. அந்தப் பக்கத்தை மாமா வாசிக்கக் கூட இல்லை. நோட்டை மூடிவிட்டார். "அது எல்லாத்தையும் விட மோசம். ஒரு கல்யாணக் கோஷ்டியே போயிருக்கு" என்றார். அது நான் இடித்த பாலம்.

பஞ்சாங்கத்தைக் கிழித்துப் போட்ட மனுஷருக்கு நானே ஒரு பஞ்சாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் நல்ல நேரமே கிடையாது. வருஷம் முழுக்க ராகுகாலம். அதுவும் எனக்கு மட்டும்.

அடுத்த பத்து நாள் நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். புத்தகத்தைத் துழாவி, சம்பந்தப்பட்ட தேதிகளில் யாராவது நல்லவர் பிறந்தாரா என்று தேடினேன். கிடைத்ததை ட்ரெயினில் மாமாவிடம் சொன்னால், "பிறந்தது சரி, எப்படிச் செத்தார்?" என்று பென்சிலை எடுப்பார். ஃபிட்டர் அண்ணனோ, "இன்னாபா நீ, கொஞ்ச நாளா ஒருத்தனையும் சாவடிக்க மாட்டேன்றே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார்.

கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. ஈஸ்டர் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் பொண்ணோடு ஐந்து நிமிஷம் பேசக் கிடைத்தது. எக்ஸ்சேஞ்சில் நாள் பூராவும் அடுத்தவர் பேச்சை இணைத்து விடுகிறவள், சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"வருஷம் முழுக்க ட்ரெயின்ல ஆள் கொன்னுக்கிட்டே வந்தீங்களே, ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா?"

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்று பாலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பக்கம் இல்லை, கரையான், ஃபிட்டர் அண்ணன் முகம், எல்லாம்.

அவள் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அது சிரிப்பு இல்லை.

"அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக் குடும்ப ஜெபத்துல அந்த மாப்பிள்ளை பொண்ணுக்காக அப்பா ஜெபம் பண்ணினாங்க. எங்கம்மா அழுதுட்டாங்க. நானும்தான்."

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"பேண்டுக்காரங்க குடும்பத்துக்குத் தனியா ஜெபம் பண்ணினோம்."

நான் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சனிக்கிழமைக்குள்ள நீங்களே அப்பாகிட்ட வந்து சொல்லிடுங்க. நான் சொன்னா அது வேற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திங்கள் சொல்லலாம் என்றிருந்தேன். செவ்வாய் ட்ரெயினில் கூட்டம். புதன் மாமாவுக்குத் தலைவலி. மீதி நாட்களுக்கும் ஏதோ காரணம் இருந்தது, இப்போது ஞாபகமில்லை. கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, சேலையூரில் அவர்கள் வீட்டு கேட்டைத் திறந்தேன். வழியெல்லாம் ஒரே கணக்கு. சொன்னால், பொய்யன் என்று கல்யாணத்தையே நிறுத்திவிடலாம். சொல்லாவிட்டால் தேதி கிடையாது. அதற்குள் அவளே சொல்லிவிடுவாள். எந்தப் பக்கம் போனாலும் நான்தான் ஆற்றில் விழப் போகிறேன்.

"சார், மே பதினேழுல பாலம் எதுவும் விழல" என்றேன். நிச்சயம் ஆன நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், பயத்தில் சாருக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் நோட்டையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஜனவரி ஒண்ணுலேர்ந்து வருவோம். இது?"

"புக்ல இருந்தது சார்."

"இது?"

"புக்."

"பன்னெண்டு?"

"அது... நான் சொன்னது சார்."

சரக்கென்று ஒரு கோடு. மாமி காபி கொண்டுவந்து வைத்தாள். பிப்ரவரியில் தீவு போனது. மார்ச்சில் மீன்முள் ராஜா போனார். மாமி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை கொண்டுவந்த முறுக்குத் தட்டை என் பக்கம் வைக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டதைக் கவனித்தேன்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு?" என்றார் மாமா.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க சார்." வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

"ம்" என்று பக்கத்தைத் திருப்பினார். ஏப்ரல். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் புக். பதினாலிலிருந்து அவர் நேரே பதினாறுக்குப் போனார்.

வாத்தியார் எதிரில் உட்கார்ந்த பையன் மாதிரி, நான் அவசியமில்லாமல் உண்மையானவன் ஆகியிருந்தேன். "சார், பதினஞ்சு விட்டுப்போச்சு. அது நெஜம் சார். பெரிய கப்பல் பனிப்பாறையில மோதி முழுகினது. ஆயிரத்து ஐந்நூறு பேர்."

மாமியின் வாயில் முறுக்கு நின்றது.

"ஏப்ரல் பதினஞ்சா?"

மாமா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நம்ம கல்யாண நாள்லயா கப்பல் முழுகுச்சு?"

"அது... முழுகினது தொள்ளாயிரத்துப் பன்னெண்டுல. நம்மளுது நாப்பத்திரண்டுல."

"தேதி ஒண்ணுதானே? இத்தனை நாளா நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டு எங்கிட்ட சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்..."

மாமி என் பக்கம் திரும்பினாள். கோபம் எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. "தம்பி, எங்க கல்யாணத்தப்போ ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே காலி. ஜனங்க மூட்டை முடிச்சோட ஓடுறாங்க. சமையக்காரர் ஓடிட்டார். ஆர்கன் வாசிக்கிறவர் ஓடிட்டார். சர்ச்ல மொத்தம் பதினெட்டு பேர். பாட்டு எடுத்துக்குடுக்க ஆள் இல்லாம மாப்பிள்ளையே பாடினார், இந்த மனுஷன், அபஸ்வரமா. இதுல அன்னிக்கு ஒரு கப்பல் வேற முழுகியிருக்கு!" என்று சொல்லிவிட்டு, அவளையும் மீறிச் சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து பொண்ணின் சிரிப்பும் கேட்டது. "அவ்வளவுக்கு அப்புறம் முப்பத்தோரு வருஷம் ஓட்டியிருக்கோம். பதினேழாம் தேதி வைங்க. எழுதுங்க."

"அந்தப் பக்கத்தைக் கரையான் தின்னுடுச்சே" என்றார் மாமா பலவீனமாக. "நெஜமா அன்னிக்கு என்ன நடந்துதுன்னு தெரியாதே?"

"தெரியாம இருக்கறதுதான் சௌகரியம். பென்சிலைக் கீழ வைங்க. பேனாவை எடுங்க."

மாமா எடுத்தார். ஆனால் ப்ரூஃப் ரீடர் ப்ரூஃப் ரீடர்தான். ஓலைக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் டிசம்பர் முப்பத்தொன்று வரை என்னை விடவில்லை. மொத்தம் பதினொரு பொய். ஒரு தாளில் வரிசையாக எழுதி என் கையில் கொடுத்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இது தப்புன்னு தானா வந்து சொன்ன ஆள் யாரும் இல்லை. அதனால இந்த வீட்டுக்கு வரலாம். ஆனா ட்ரெயின்ல நம்பினவங்க இருக்காங்க. அவங்களுக்குப் பிழைதிருத்தம் போடணும். திங்கக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். "தடை யாருக்காவது தெரிந்தால்" என்று பாஸ்டர் ஐயா நிறுத்தியபோது, முன் வரிசையில் மாமா எழுந்தார். நானும் பாதி எழுந்துவிட்டேன். அவர் போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வெயில் அடித்ததாம்.

திங்கட்கிழமை பல்லாவரம் தாண்டியதும் எழுந்து நின்றேன். தாளை எடுத்து, ஒவ்வொரு தேதியாக, இது நடக்கவில்லை, இது நடக்கவில்லை என்று படித்தேன். மாமா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டார். இருபது பேப்பரும் மடிந்திருந்தது. எந்த எரிமலைக்கும் அப்படி மடிந்ததில்லை.

"இன்னாபா சொல்றே?" என்றார் ஃபிட்டர் அண்ணன். "அப்போ அந்தப் பாலம் வுழல?"

"பாலமே இல்லண்ணா."

"மாப்ள பொண்ணு?"

"இல்லண்ணா."

"அடப்பாவி! நான் வூட்ல போய்ச் சொல்லி எம் பொண்டாட்டி அன்னிக்கு சோறே துன்னலடா!" கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "பேண்டுக்காரன்?"

"அவரும் இல்லண்ணா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"பொயச்சான்" என்றார். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது அவர் முகம்.

அப்புறம், மாமா தன் அச்சகத்தில் சொல்லி ராத்திரியோடு ராத்திரியாக அடித்து வாங்கிய கல்யாணப் பத்திரிகையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. பத்திரிகையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மே பதினேழு. கல்யாணம். இதுனாச்சும் நெசமா?"

சத்தியமாக நிஜம் என்றேன். பெட்டியில் யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. மாமா எழுந்து, "பொண்ணு என் பொண்ணுதான்" என்று சொல்லியும், "நீயும் அவன் கூடதான் சார் ஒக்காந்து எய்தினு இருந்தே" என்று அண்ணன் அவரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார்.

பதினேழாம் தேதி காலை தாம்பரத்தில் எங்கள் சர்ச்சில் கடைசி மூன்று பெஞ்சும் மூன்றாவது பெட்டிக்காரர்கள். ஒருவரும் அன்று வேலைக்குப் போகவில்லை. சபையார் யாருக்கும் அவர்கள் யாரென்று தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்று பொண்ணு வீட்டாரும், பொண்ணு வீட்டார் என்று என் அம்மாவும் நினைத்துக்கொண்டார்கள். மைத்துனர் யூனிஃபார்மில் நின்றிருந்தார். நான் தாலியை எடுத்துக் கட்டினேன். அவசரத்தில் இரண்டாவது முடிச்சு நழுவியது. பொண்ணு குனிந்த தலை நிமிராமல், "மெதுவா, யாரும் ட்ரெயின் ஏறல" என்றாள்.

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. ஃபிட்டர் அண்ணன் பெஞ்சின் மேலேயே ஏறி நின்று எட்டிப் பார்த்துவிட்டு, கீழே இருந்தவர்களுக்குச் சேதி சொன்னார். மெதுவாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

"கட்டிட்டாம்பா. நெசந்தான்!"